முடிவுறாத கடந்தகாலம்: வால்டர் பெஞ்சமினின் கலை விமர்சனத்துக்கு அடியிலுள்ள தத்துவம்

1. கேள்வி

வால்டர் பெஞ்சமின் 1925-ஆம் ஆண்டில் பிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில், விரிவுரையாளராகும் தகுதி வேண்டி, பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மானியத் துக்க நாடகத்தின் தோற்றத்தைப் பற்றிய ஆய்வுநூல் ஒன்றைச் சமர்ப்பித்தார். இலக்கியப் பேராசிரியர் அது தம் துறைக்கு உரியதன்று என்று கருதி அழகியல் துறைக்கு அனுப்பிவைத்தார். அங்கே அதைப் பரிசீலித்த ஹான்ஸ் கார்னேலியுஸ் என்னும் தத்துவப் பேராசிரியரோ, அதன் வாதம் தமக்கு விளங்கவில்லை என்று அபிப்பிராயம் தெரிவித்தார். வெளிப்படையான நிராகரிப்புக்கு இடம் கொடாமல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு ஆலோசனை கூறப்பட, பெஞ்சமினும் அவ்வாறே செய்தார். பல்கலைக்கழகத்தில் அவருக்கு இருந்த வழி அத்துடன் அடைபட்டது. 1928-இல் அச்சேறிய அந்நூல் இன்று அழகியல் பயில்வோர் தவிர்க்க முடியாத நூல்களுள் ஒன்றாகிவிட்டது. ஆனால், இலக்கியத்தார் தம்முடையதன்று என்றும், தத்துவத்தார் விளங்கவில்லை என்றும் அதைக் கைவிட்டபோது எழுந்த ஐயம் மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

1892-இல் பெர்லினில் செல்வமிக்க யூத வணிகக் குடும்பத்தில் பிறந்து, பத்திரிகைக் கட்டுரைகளாலும் வானொலிப் பேச்சுகளாலும் ஜீவனம் நடத்தி, 1933-இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றியபின் பிரான்சில் அடைக்கலம் புகுந்து, 1940 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டு எல்லையூராகிய போர்ட்போவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட அம்மனிதர், தமது தத்துவத்தை முறையாக வகுத்துரைக்கும் நூல் எதையும் எழுதி வைக்கவில்லை. நாவல் ஒன்றைப் பற்றிய நீண்ட கட்டுரை, மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு முன்னுரை, புகைப்படத்தையும் திரைப்படத்தையும் பற்றிய ஆராய்ச்சிகள், காஃப்காவையும் புரூஸ்டையும் போதலேரையும் பற்றிய விமர்சனங்கள், பாரிஸ் நகரத்தின் கூரைவேய்ந்த அங்காடித் தெருக்களைப் பற்றி எழுதக் கருதி முடிக்காமற்போன பெருநூலுக்கான ஆயிரக்கணக்கான குறிப்புகள் ஆகியவையே அவர் விட்டுச்சென்ற செல்வம். இவற்றின் அடியில் ஓடுவது ஒரு தத்துவமா, ஒன்றோடொன்று பொருந்தாத பல தத்துவங்களா, அன்றி நுண்ணிய ரசனை வாய்ந்த ஒரு மனத்தில் அவ்வப்போது எழுந்த எண்ணங்களா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் கேள்வி.

2. இதுவரை கூறப்பட்ட விடைகள்

பெஞ்சமினின் எழுத்துகள் வாசகரை வந்தடைந்த வரிசையே இக்கேள்வியைச் சிக்கலாக்கியது. வாழ்நாளில் பல இதழ்களில் சிதறிக் கிடந்த அவற்றை, நண்பரும் தத்துவஞானியுமான தியோடோர் அடோர்னோவும் அவர் மனைவி கிரெட்டல் அடோர்னோவும் 1955-இல் இரண்டு தொகுதிகளாகத் தேர்ந்து வெளியிட்டனர். முழுத் தொகுப்பு 1972-இல்தான் வெளிவரத் தொடங்கியது. அங்காடித் தெருக்கள் பற்றிய குறிப்புகள் அச்சானது 1982-இல். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் தன் கைக்குக் கிட்டிய பெஞ்சமினையே முழுப் பெஞ்சமின் என்று கொள்ள நேர்ந்தது.

அவரை நேரில் அறிந்த நண்பர்களும் ஒருமித்த சாட்சியம் அளிக்கவில்லை. யூத ஞானமார்க்கத்தின் சரித்திரத்தை ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலெம், 1915 முதல் தாம் பழகிய பெஞ்சமினை மொழியின் மெய்ப்பொருளை நாடிய சிந்தனையாளராகவே கண்டார். அவர் பிற்காலத்தில் கைக்கொண்ட பொருள்முதல்வாதச் சொற்கள் அவருடைய உண்மையான இயல்புக்குப் பொருந்தாத வேஷம் என்றும், அதில் ஆத்மவஞ்சனை கலந்திருக்கிறது என்றும் 1931-இல் எழுதிய கடிதத்தில் எச்சரிக்கவும் செய்தார். மறுபுறத்தில் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், டென்மார்க்கில் தம் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியிருந்த அதே நண்பரின் கலைக்கோட்பாட்டைப் பற்றி, மர்மவாதத்தை எதிர்க்கும் பாவனையில் எழுதப்பட்டிருந்தும் அது மர்மவாதமே என்று 1938-இல் தம் நாட்குறிப்பில் எரிச்சலுடன் குறித்து வைத்தார். இவ்விருவருக்கும் நடுவே நின்ற அடோர்னோ, போதலேர் பற்றிய ஆய்வின் முதல் வடிவத்தை அதே ஆண்டில் ஏற்க மறுத்தபோது, அது மாந்திரிகமும் வெறும் தகவல் வழிபாடும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது என்று குறை கூறினார்.

பின்வந்தோருள் ஹன்னா அரென்ட், பெஞ்சமின் கவிஞராகவோ தத்துவஞானியாகவோ இல்லாமல், கவித்துவமாகச் சிந்தித்த அபூர்வப் பிறவி என்று 1968-இல் எழுதிப் பிரச்சினையையே கடந்துவிட முயன்றார். யூர்கன் ஹாபர்மாஸ் 1972-இல் எழுதிய கட்டுரையில், சமூகத்தின் மாயைகளைக் கலைக்கும் விமர்சனம் வேறு, கடந்தகாலத்தின் அர்த்தங்களை அழிவிலிருந்து மீட்கும் விமர்சனம் வேறு என்று பிரித்து, பெஞ்சமினுடையது இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்றும், அதை மார்க்ஸியத்தோடு இணைக்க அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை என்றும் தீர்ப்பளித்தார்.

இவ்விடைகளுள் பெரும்பாலானவை இறையியலும் மார்க்ஸியமும் எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பதையே ஆராய்ச்சி என்று கொள்கின்றன. பெஞ்சமின் எந்தச் சித்தாந்தத்தைத் தழுவினார் என்ற கேள்வியைச் சற்றே ஒதுக்கிவைத்து, கலைப்படைப்பு காலத்தில் எவ்வாறு வாழ்கிறது என்ற கேள்விக்கு அவர் தந்த விடையைத் தொடக்கமுதல் பின்தொடர்ந்தால், அவருடைய எழுத்துகள் அனைத்தையும் கோக்கும் ஓர் இழை புலப்படும். படைத்தவன் எழுதி முடித்த நாளில் படைப்பு முடிந்துவிடுவதில்லை. அதன் உண்மை, பின்வரும் காலங்களில் அது அடையும் பின்வாழ்விலேயே வெளிப்படுகிறது என்பதே அவ்விழை. இக்கருத்தைக் கலையிலிருந்து எடுத்து மானிட சரித்திரம் முழுமைக்கும் அவர் விரித்தார். அவருடைய தத்துவத்தின் வலிமையும் அதன் தீராத இடரும் அந்த விரிவாக்கத்திலேயே இருக்கின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

3. முற்றுப்பெறாத படைப்பு

இளமையில் பெஞ்சமின் பயின்ற தத்துவம் காண்ட்டின் வழியில் வந்தது. 1917, 1918-ஆம் ஆண்டுகளில் எழுதிய ஒரு கட்டுரையில் அவர், அறிவின் எல்லைகளை வரையறுத்த காண்ட்டின் சாதனையை மதித்தபோதிலும், அங்கே அனுபவம் என்று கொள்ளப்பட்டது நியூட்டனின் பௌதிகத்துக்குப் போதுமான மிகக் குறுகிய அனுபவமே என்றும், மொழியும் சமயமும் அடங்கக்கூடிய விரிந்த அனுபவத்துக்கு இடமளிப்பதே வருங்காலத் தத்துவத்தின் கடமை என்றும் வாதிட்டார். அத்தகைய அனுபவத்தை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை கலையாயிற்று. பின்னாளில் அவர் எழுதிய விமர்சனங்கள் யாவற்றையும் இந்த இளமைத் திட்டத்தின் நிறைவேற்றமாகக் காண்பதற்குத் தக்க காரணம் உண்டு.

1919-இல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் அவருக்கு டாக்டர் பட்டம் பெற்றுத் தந்த ஆய்வு, ஜெர்மானிய ரொமான்டிக் இயக்கத்தின் விமர்சனக் கோட்பாட்டைப் பற்றியது. பிரெடரிக் ஷ்லேகலும் நோவாலிஸும் விமர்சனத்தை மதிப்பெண் இடும் தொழிலாகக் கருதவில்லை என்பதை அவர் அதில் நிறுவினார். அவர்கள் கண்ட வண்ணம், ஒவ்வொரு படைப்பும் தன்னைப் பற்றியே சிந்திக்கும் ஆற்றலைத் தன் வடிவத்தில் விதையாகக் கொண்டிருக்கிறது. விமர்சகன் வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவராமல் அந்தச் சிந்தனையை மேலும் வளரச் செய்கிறான். ஆகவே விமர்சனம் படைப்பின் நிறைவாகிறது. ரசிகனின் உணர்ச்சியையும் படைப்பாளியின் ஜீவிய சரித்திரத்தையும் ஒரே அடியில் விலக்கிவிட்டு, படைப்பையே அறிவின் ஓர் இடமாக்கிய இக்கருத்தை பெஞ்சமின் ஆயுள் முழுவதும் கைவிடவில்லை.

போதலேரின் கவிதைகளுக்குத் தாம் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு 1923-இல் அவர் எழுதிய முன்னுரை இதற்கு அடுத்த படி. மொழிபெயர்ப்பு மூலத்தைப் படிக்க இயலாதவருக்குச் செய்யும் உபகாரம் என்ற சாதாரண எண்ணத்தை அவர் அங்கே மறுக்கிறார். மூலம் தன் காலத்தைக் கடந்து வாழ்வதால் மொழிபெயர்ப்பு பிறக்கிறது. அப்படி வாழ்கையில் மூலமும் மாறாமல் இருப்பதில்லை. இங்கே வாழ்வு என்பது அலங்காரச் சொல்லன்று என்று அவர் வற்புறுத்துவது கவனிக்கத்தக்கது: சரித்திரம் உடைய எதற்கும் வாழ்வு உண்டு, இயற்கையின் வாழ்வையும் அதைக்கொண்டே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

4. ஒரு நாவலும் அதனுள் ஒரு சிறுகதையும்

கோட்பாடாக நின்ற இக்கருத்து, கதே 1809-இல் வெளியிட்ட 'தேர்வுறவுகள்' என்னும் நாவலைப் பற்றிய நெடுங்கட்டுரையில் உயிருள்ள வாசிப்பாக மாறுகிறது. ஹூகோ ஃபான் ஹோஃப்மன்ஸ்தால் நடத்திய இதழில் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அக்கட்டுரை, படைப்பில் இரண்டு கூறுகளைப் பிரிக்கிறது. எழுதிய காலத்தின் வழக்கங்கள், பொருள்கள், சம்பவங்கள் ஆகியவை விஷயக் கூறு. அவற்றோடு பிரிக்கவொண்ணாது கலந்து நிற்பது உண்மைக் கூறு. காலம் செல்லச் செல்ல, முன்னது பழமையேறி அந்நியமாகி உறுத்திக்கொண்டு வெளியே தெரிகிறது. பின்னது உள்ளே மறைகிறது. அந்நியமாகிவிட்டதை விளக்குவது உரையாசிரியனின் பணி. மறைந்ததைத் தேடுவது விமர்சகனின் பணி. எரியும் சிதையின் முன் முன்னவன் வேதியியலாளனைப் போல விறகையும் சாம்பலையும் ஆராய்கிறான் என்றும், பின்னவன் ரசவாதியைப் போலச் சுடரின் புதிரையே நோக்குகிறான் என்றும் பெஞ்சமின் கூறும் உவமை, காலத்தின் அழிவு வேலையையே அறிவுக்குத் துணையாக்குகிறது.

நாவலின் கதை எளியது. எடுவார்டும் சார்லட்டும் தம் பண்ணை மாளிகையில் அமைதியாக வாழும் தம்பதிகள். கணவனின் நண்பனாகிய படைத்தலைவனும், சார்லட்டின் உறவுப் பெண்ணாகிய ஓட்டிலியும் அங்கே வந்து தங்க, இரசாயனப் பொருள்கள் பழைய சேர்க்கையை விட்டுப் புதிய சேர்க்கையை நாடுவதைப் போல மனங்கள் இடம் மாறுகின்றன. தம்பதிகளுக்குப் பிறக்கும் குழந்தை ஏரியில் மூழ்கி இறக்கிறது. ஓட்டிலி பேச்சையும் உணவையும் துறந்து மடிகிறாள். எடுவார்டும் அவளைத் தொடர்கிறான். பெஞ்சமினின் காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்த இலக்கிய அறிஞர் குண்டோல்ஃப் போன்றோர் ஓட்டிலியைப் புனிதவதியாகப் போற்றினர். பெஞ்சமின் இதை ஏற்கவில்லை. அவளுடைய மௌன மரணத்தில் மொழி இல்லை. மொழியில்லாத இடத்தில் அறத்தீர்மானமும் இல்லை. அவள் விதியின் வசப்பட்ட அழகிய தோற்றமே என்கிறார்.

இந்த முடிவுக்கு ஆதாரத்தை அவர் நாவலுக்குள்ளிருந்தே எடுக்கிறார். நாவலின் நடுவே விருந்தினன் ஒருவன் ஒரு சிறுகதை சொல்கிறான்: சிறுவயதிலிருந்தே ஒருவரையொருவர் பகைத்த அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவருள், மற்றொருவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண், தான் பகைத்தவனையே காதலிப்பதை உணர்ந்து படகிலிருந்து ஆற்றில் குதிக்கிறாள், அவனும் குதித்து அவளைக் கரை சேர்க்கிறான், இருவரும் கிடைத்த மணவாடை உடுத்துப் பெற்றோர் முன் நின்று ஆசி கேட்கின்றனர். நாவலின் மாந்தர் தயங்கித் தயங்கித் தம்மை விதிக்கு ஒப்புக்கொடுக்க, சிறுகதையின் மாந்தர் மரணத்தின் எதிரில் தீர்மானம் செய்து உயிர் பெறுகின்றனர். நாவலின் இருளுக்கு எதிராக அதன் உள்ளேயே வைக்கப்பட்ட பகற்பொழுதாக அச்சிறுகதை பெஞ்சமினுக்குத் தோன்றுகிறது.

அழகின் மயக்கத்தை இடைவெட்டி நிறுத்தும் ஆற்றல் ஒன்று உயர்ந்த கலையில் உண்டு என்பதும், அந்த வெட்டினாலேயே படைப்பு உண்மைக்குத் தகுதி பெறுகிறது என்பதும் அக்கட்டுரையின் மையக் கருத்து. இதற்கு அவர் சுட்டுவது, எடுவார்டும் ஓட்டிலியும் தழுவிக்கொள்ளும் வேளையில், நம்பிக்கை அவர்கள் தலைக்கு மேல் விழும் நட்சத்திரத்தைப் போலக் கடந்து சென்றதாகக் கதே எழுதும் ஒற்றை வாக்கியத்தை. காதலர் அதைக் காணவில்லை. கதை சொல்பவனே காண்கிறான். நம்பிக்கைக்கு வழியற்றுப் போனவர்களுக்காக வேறொருவர் நம்பிக்கை கொள்ள இயலும் என்ற இந்த முடிவு, ஒரு நாவலைப் பற்றிய நுணுக்கமாகத் தோன்றினாலும், பல ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய சரித்திரத் தத்துவத்தின் வித்து இங்கேயே இருக்கிறது.

5. இடிபாட்டில் தெரியும் உண்மை

துக்க நாடக நூலில் பெஞ்சமின் ரொமான்டிக் ஆசான்களிடமிருந்து விலகுகிறார். விமர்சனம் படைப்பை மேலும் உயிர்ப்பிக்கிறது என்று அவர்கள் நினைத்தனர். அது படைப்பை மரிக்கச் செய்கிறது என்று இவர் இப்போது கூறுகிறார். படைப்பின் மேற்பரப்பு அழகு உதிர்ந்து, அது இடிபாடாக நிற்கும்போதே அறிவு அதில் குடியேற முடியும்.

கிரிஃபியுஸ், லோஹன்ஸ்டைன் முதலிய சிலேசிய நாடகாசிரியர்களின் எழுத்து, முப்பதாண்டுப் போரின் அழிவையும், வெளிச்செயலால் மோட்சம் கிட்டும் என்ற நம்பிக்கையை மறுத்த லூத்தரின் சமயத்தையும் பின்னணியாகக் கொண்டது. அந்நாடகங்களில் கொடுங்கோலனும் தியாகியும் ஒரே அரசனின் இரு முகங்கள். பிணமே மேடையின் முதன்மையான சின்னம். கதேயின் காலந்தொட்டு, குறியீடு உயர்ந்தது, உருவகம் செயற்கையானது என்று தாழ்த்திவந்த மரபை பெஞ்சமின் இங்கே தலைகீழாக்குகிறார். குறியீடு ஒரு கணத்தில் முழுமையை வாக்களிக்கிறது. உருவகமோ உடைந்த துண்டுகளை அருகருகே வைத்து, சரித்திரம் என்பது துன்பத்தின் பாதை என்பதை ஒளிக்காமல் காட்டுகிறது. உலகில் மோட்சத்தின் ஒளி இல்லாதபோது உருவகமே நேர்மையான கலை.

இந்நூலின் கடினமான முன்னுரை, அறிவையும் உண்மையையும் வேறுபடுத்துகிறது. அறிவு கைப்பற்றப்படும் உடைமை; உண்மை தானே தன்னை வெளிப்படுத்துவது. நட்சத்திரங்களுக்கும் நட்சத்திரக் கூட்டத்துக்கும் உள்ள உறவே பொருள்களுக்கும் கருத்துகளுக்கும் உள்ள உறவு என்கிறார் பெஞ்சமின்: கூட்டம் என்பது நட்சத்திரங்களுக்கு மேலாக இருக்கும் மற்றொரு பொருளன்று, எனினும் ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணுவதால் அது தெரியவும் தெரியாது. சாதாரணமான சராசரி உதாரணங்களை விட்டு, விளிம்பில் நிற்கும் விசித்திரங்களையும் சிறு விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும் அவருடைய முறை இதிலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் பாரிஸின் அங்காடித் தெருக்களையும், எரிவாயு விளக்குகளையும், தூசியையும் அவர் அடுக்கியது, மார்க்ஸியத்தால் வந்த புது முறை என்று கொள்வதற்கில்லை; துக்க நாடகத்தின் சிதைந்த சின்னங்களிடம் கற்ற முறையைப் பண்டங்களிடம் கையாண்டதே அது. 1924-இல் காப்ரி தீவில் பொதுவுடைமையரான நாடக இயக்குநர் ஆஸ்யா லாட்ஸிஸைச் சந்தித்ததும், மார்க்ஸியச் சிந்தனையாளர் லூக்காச்சின் நூலைப் பயின்றதும் அவருக்குப் புதிய பொருளையும் புதிய அவசரத்தையும் அளித்தன. காணும் கண் பழையதே.

6. 1936: இரண்டு கட்டுரைகளின் முரண்

இந்தத் தொடர்ச்சிக்கு எதிரான வலுவான சான்று 1936-ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டில் பிரெஞ்சு மொழியாக்கமாக வெளிவந்த கட்டுரை, இயந்திரம் கலைப்படைப்பைக் கணக்கின்றிப் பிரதியெடுக்கும் காலத்தில், அதன் தனித்த இருப்பால் அதைச் சூழ்ந்திருந்த ஒளிவட்டம் உதிர்கிறது என்றும், சடங்கோடு பிணைந்திருந்த கலை அதனால் விடுதலை பெற்று அரசியலை அடிப்படையாகக் கொள்கிறது என்றும் வரவேற்கிறது. அதே ஆண்டில் ருஷ்ய எழுத்தாளர் லெஸ்கோவைப் பற்றி எழுதிய 'கதைசொல்லி'யோ, உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் வாயடைத்து நின்றதையும், அனுபவத்தைக் கைமாற்றும் மரபு அற்றுப்போவதையும் துயரத்தோடு விவரிக்கிறது. மரபின் அழிவை ஓரிடத்தில் கொண்டாடிவிட்டு மற்றோரிடத்தில் இரங்குபவரை எவ்வாறு நம்புவது?

இரண்டையும் அருகில் வைத்துப் படித்தால் முரண் ஓரளவு தளர்கிறது. பிரதி, படைப்பைத் தன் இடத்திலிருந்து பெயர்த்துக் காண்பவனின் சூழலுக்குக் கொண்டுவந்து, அதற்குப் புதிய நிகழ்காலத்தை அளிக்கிறது என்று முதற் கட்டுரை கூறுகிறது. கதைசொல்லும் கலை மறையும் தறுவாயிலேயே அதன் அழகு புதிதாகப் புலப்படுகிறது என்றும், அதை வெறும் சீரழிவாகக் காண்பது மடமை என்றும் இரண்டாவது கூறுகிறது. ஒரு வடிவம் அழியும் வேளையே அது படிக்கத்தக்கதாகும் வேளை என்ற துக்க நாடக நூலின் பாடம் இரண்டிலும் உண்டு. எனினும் முரண் முற்றிலும் கரைந்துவிடவில்லை. திரைப்படத்தின் விடுதலைச் சக்தியை அவர் மிகையாக மதித்தார் என்று அடோர்னோ 1936 மார்ச்சில் எழுதிய கடிதத்தில் கூறிய ஆட்சேபத்தை, அதற்குப் பிந்திய காலம் பெரும்பாலும் மெய்ப்பித்தது என்றே சொல்லவேண்டும். பெஞ்சமினே 1939-இல் போதலேர் பற்றி எழுதும்போது, நாம் நோக்கும் பொருள் நம்மைத் திரும்பி நோக்கும் தன்மையே ஒளிவட்டம் என்று விளக்கி, அதன் இழப்பைக் குதூகலமின்றிப் பேசுகிறார்.

'கதைசொல்லி'யில் வரும் ஓர் உதாரணத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. பாரசீக அரசன் காம்பைஸஸ், தோற்ற எகிப்திய அரசன் ஸாம்மெனிடஸைச் சிறுமைப்படுத்த, அவன் மகள் அடிமையுடையில் நீர்க்குடம் சுமந்து செல்வதையும், மகன் கொலைக்களத்துக்கு இட்டுச்செல்லப்படுவதையும் காணச் செய்கிறான். அவற்றையெல்லாம் கண்டு அசையாத அரசன், தன் பழைய ஏவலாளருள் ஒருவனான ஏழைக் கிழவனைக் கைதிகளிடையே கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். ஹெரோடோட்டஸ் இதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. அதனாலேயே, பிரமிடுகளுக்குள் அடைபட்டும் முளைக்கும் ஆற்றல் கெடாத விதைகளைப் போல, அக்கதை நூற்றாண்டுகள் கடந்தும் வியப்பை எழுப்புகிறது என்கிறார் பெஞ்சமின். ஆனால் ஹெரோடோட்டஸின் மூன்றாம் நூலைத் திறப்பவர் காண்பது வேறு: கிழவன் அங்கே ஏவலாளன் அல்லன், அரசனோடு உடனிருந்து உண்ட தோழன், காம்பைஸஸ் காரணம் கேட்டனுப்ப, தன் வீட்டுத் துயரம் அழுகையைக் கடந்தது என்றும், நண்பனின் வீழ்ச்சி கண்ணீருக்கு உரியது என்றும் அரசனே விடை கூறுகிறான். விளக்கம் மூலத்தில் இருக்கிறது. அது பெஞ்சமினின் கதையில் இல்லை. மறதியால் நேர்ந்ததாயினும் கருதிச் செய்ததாயினும், பின்வாழ்வில் மூலம் மாறுகிறது என்ற அவர் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை. கூடவே ஓர் எச்சரிக்கையும் இதில் உண்டு: மீட்பவன் தனக்கு வேண்டிய வடிவிலேயே மீட்கிறான்.

7. ஹோர்க்ஹைமரின் ஆட்சேபம்

1931-இல் புகைப்படக் கலையின் சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதியபோது பெஞ்சமின், ஸ்காட்லாந்தின் நியூஹேவன் ஊர் மீன்காரி ஒருத்தியை டேவிட் ஆக்டேவியஸ் ஹில் எடுத்த பழைய படத்தின் முன் நிற்கிறார். ஓவியத்தில் உள்ள முகம் இரண்டு தலைமுறைகளில் ஓவியனின் திறமைக்குச் சாட்சியாக மட்டும் எஞ்சிவிடும். இப்படத்திலோ கலைஞனின் திறமையால் விழுங்கப்படாத ஏதோ ஒன்று மிஞ்சி, ஒருகாலத்தில் வாழ்ந்த அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று அடங்காமல் கேட்கிறது என்கிறார். படைப்பின் பின்வாழ்வைப் பற்றிய கேள்வி, படத்தில் உள்ள மனிதப் பிறவியின் பின்வாழ்வைப் பற்றிய கேள்வியாக மாறும் இடம் இது.

1937-இல் எடுவார்ட் ஃபுக்ஸ் என்னும் சேகரிப்பாளரைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் அந்த மாற்றத்தை வெளிப்படையாகவே செய்கிறார். கலைப்படைப்பு மட்டுமன்றி, கடந்தகாலமே முடிந்துபோனதாகக் கருதத்தக்கதன்று. பண்பாட்டின் பொக்கிஷங்கள் அவற்றை ஆக்கிய மேதைகளுக்கு மட்டுமன்றிப் பெயரற்றவர்களின் அடிமையுழைப்புக்கும் கடன்பட்டவை. ஆகவே அவற்றின் கதை இன்னும் திறந்தே இருக்கிறது. இதைப் படித்த தத்துவஞானி மாக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937 மார்ச்சில் எழுதிய கடிதத்தில், நடந்த அநீதி நடந்து முடிந்துவிட்டது, கொல்லப்பட்டவர்கள் கொல்லப்பட்டவர்களே, கடந்தகாலம் முடியவில்லை என்று மெய்யாகவே கொண்டால் இறுதித் தீர்ப்பு நாளை நம்ப வேண்டிவரும் என்று ஆட்சேபித்தார். பெஞ்சமின் இவ்வரிகளைத் தம் அங்காடித் தெருக் குறிப்புகளில் பிரதி செய்துகொண்டு, கீழே தம் மறுமொழியை எழுதினார். சரித்திரம் விஞ்ஞானம் மட்டுமன்று, நினைவுகூர்தலின் ஒரு வடிவமும் ஆகும். விஞ்ஞானம் நிலைநாட்டியதை நினைவு திருத்த இயலும். முடிந்துபோன துன்பத்தை அது முடியாததாக்கும். இது இறையியலே என்று ஒப்புக்கொள்ளும் அவர், சரித்திரத்தை நேரான இறையியற் சொற்களில் எழுதுவதற்கும் நமக்கு உரிமை இல்லை என்று கூறி நிறுத்திவிடுகிறார்.

ஹிட்லரும் ஸ்டாலினும் 1939 ஆகஸ்டில் செய்துகொண்ட உடன்படிக்கைக்கும், பிரான்சில் தாம் முகாமில் அடைக்கப்பட்டதற்கும் பின், 1940-இல் அவர் எழுதிய சரித்திரம் பற்றிய ஆய்வுரைகள் இந்நிலையின் உச்சம். சதுரங்கம் ஆடும் பொம்மை சரித்திரப் பொருள்முதல்வாதம், அதனுள் ஒளிந்திருந்து ஆட்டுவிக்கும் குள்ளன் இறையியல் என்னும் முதற் பகுதியின் உருவகமும், முன்னேற்றம் என்னும் புயலால் எதிர்காலத்துக்குள் தள்ளப்படும் தேவதூதனின் உருவமும் பலரும் அறிந்தவை. இவற்றினும் முக்கியமானது, வென்றவனோடு மனம் ஒன்றும் சரித்திரப் புலமையை அவர் மறுப்பதும், எதிரி வென்றால் இறந்தவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை என்று கூறுவதும் ஆகும். எடுவார்டுக்காகவும் ஓட்டிலிக்காகவும் கதைசொல்பவன் கொண்ட நம்பிக்கை இங்கே இறந்தோர் அனைவருக்காகவும் பின்வந்தோர் கொள்ளவேண்டிய நம்பிக்கையாக விரிந்துவிட்டது.

8. மதிப்பீடு

இவ்வாறு பார்க்கையில், இளமையில் இறையியலாளராகவும் பிற்காலத்தில் மார்க்ஸியராகவும் இருந்த இரண்டு பெஞ்சமின்கள் என்ற கொள்கைக்கு ஆதாரம் குறைவு. ஷோலெம் கண்ட தொடர்ச்சி உண்மையே. ஆனால் அதன் உயிர்நிலை சமயத்தில் இருப்பதைக் காட்டிலும் கலையின் காலவாழ்வைப் பற்றிய கருத்தில் இருக்கிறது. கவித்துவமாகச் சிந்தித்தவர் என்ற அரென்ட்டின் புகழுரையும், அச்சிந்தனையின் கட்டுக்கோப்பையும் வாதத்தொடர்ச்சியையும் குறைத்து மதிப்பிடுகிறது.

எனினும், கலையிலிருந்து சரித்திரத்துக்கு அவர் செய்த தாவலை அப்படியே ஏற்பது கடினம். படைப்பு முடிவுறாதது என்று கூற இயலுவது, அது அர்த்தத்தால் ஆனது என்பதனால். அர்த்தம் படிப்பவனிடம் வளரக்கூடியது. பசியும் அடியும் கொலையும் அர்த்தங்கள் அல்ல. அவற்றை அனுபவித்த உடலோடு அவை முடிந்துபோகின்றன. எந்த வாசிப்பும் அவற்றைத் தொட முடியாது. ஹோர்க்ஹைமரின் ஆட்சேபம் இந்த வேறுபாட்டையே சுட்டியது. பெஞ்சமினும் அதை உணர்ந்ததனால்தான் இறையியலின் பெயரைச் சொல்ல நேர்ந்தது. அவ்வகையில், அவருடைய பிற்கால எழுத்தில் வரும் இறையியல் இளமையின் எச்சமுமன்று, அலங்காரமுமன்று. அழகியலால் அடைக்க முடியாத இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை நேர்மையாகக் காட்டும் அளவுகோல் அது.

ஆனால் துன்பம் முடிந்துவிட்டதென்றால் அதன்மேல் சொல்லப்பட்ட தீர்ப்பும் முடிந்துவிட்டது என்று ஆகிவிடாது. இன்னாருடைய அழிவு தவிர்க்க முடியாதது, இன்னாருடைய உழைப்பு பெயர் சொல்லத் தகாதது, இன்னாருடைய தோல்வி முன்னேற்றத்துக்குக் கொடுத்த விலை என்றெல்லாம் வென்றவர்கள் எழுதி முடித்த ஆவணம், எந்தப் படைப்பையும் போலவே ஒரு பிரதி. அதை இடைவெட்டி, உடைத்து, மறைந்த கூறுகளை வேறு வரிசையில் அடுக்கிப் படிக்க இயலும். இந்த எல்லைக்குள் விமர்சகனின் முறை சரித்திரக்காரனுக்கு முழுமையாகப் பொருந்துகிறது. அதற்குச் சமய நம்பிக்கை எதுவும் தேவைப்படுவதில்லை. ஸாம்மெனிடஸ் கதையில் கண்டவாறு, மீட்பவனின் கை மூலத்தை மாற்றிவிடும் என்பதால், ஒவ்வொரு மீட்பும் மறுபடி விமர்சனத்துக்கு உட்பட்டாக வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் இதனோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும். பெஞ்சமினின் தத்துவத்துள் இறந்தோரை மீட்கும் வாக்குறுதியை ஏற்க இயலாதவரும், அவர்கள்மேல் எழுதப்பட்ட தீர்ப்பைத் திருத்தும் கடமையை அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம். பல்கலைக்கழகம் விளங்கவில்லை என்று திருப்பியனுப்பிய ஒரு சிந்தனை, தத்துவம் என்ற பெயருக்கு உரிமை கோர இந்தக் கடமையைத் தெளிவாக்கியதே போதுமான காரணம்.